பதினாறு அணுக்களும் ஒரு நாற்காலியும்

நாற்காலியின் பின்னங்காலை ஒட்டி ஒரு நீல மணி கிடந்தது. கொண்டைக்கடலை அளவில், நடுவில் துளையோடு, கண்ணாடியில் செய்த மணி. காவலர் ஒழுங்கு அதைப் பதறிப்போய்க் குனிந்து எடுத்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரை ஒழுங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். சுவரில் ஒரு படம் இம்மி சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தாமல் அந்த இடத்தைத் தாண்ட மாட்டார். அதை நிமிர்த்தும்போது தோள் இடித்து பக்கத்துப் படம் சாய்ந்துவிடும் என்பது வேறு விஷயம்.

பதினெட்டு வருடம் பறவை அறைக்குக் காவல் நின்றவர். நின்றவர் என்றால் நிஜமாகவே நின்றவர்தான். அந்த அறையில் பஞ்சு அடைத்த கழுகுக்கு உட்கார ஒரு கிளை உண்டு, ஆந்தைக்கு ஒரு பொந்து உண்டு, காவலருக்கு ஒன்றும் கிடையாது. பதினெட்டு வருடத்தில் கழுகு அப்படியே இருந்தது. இவருடைய முழங்கால்கள்தான் இரண்டும் போய்விட்டன. இவர் மாடிப்படி ஏறினால் அவை போடும் சத்தம் கீழ்த்தளத்துக்குக் கேட்கும்.

பத்து நாளைக்கு முன் வேதியியல் அறைக் காவலர் ஓய்வு பெற்றுப் போக, அந்த இடத்துக்கு இவரைத் தற்காலிகமாக அனுப்பினார்கள். உள்ளே கால் வைத்ததும் இவர் கண்ணில் பட்டது அணுவும் இல்லை, அமிலமும் இல்லை. ஒரு நாற்காலி. மெத்தை வைத்தது, கை வைத்தது, காவலர் உட்காருவதற்கென்றே போட்டது. முதல் நாள் அதில் உட்கார்ந்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய், மெத்தை எவ்வளவு அமுங்குகிறது என்று மனைவிக்கு விரலால் அளந்து காட்டினார்.

ஆனால் இயக்குநர் மேடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருது. ஒரு குறையும் சொல்லாம போனாங்கன்னா இந்த ரூம் உங்களுக்குத்தான். ஏதாவது ஒண்ணு சொன்னாங்க, நீங்க கழுகுகிட்டயே திரும்பிப் போயிடலாம்."

இன்று வெள்ளிக்கிழமை. கடிகாரம் ஒன்பதரை காட்டியது. குழு பதினோரு மணிக்கு வருகிறது. ஒழுங்கின் கையில் ஒரு நீல மணி.

அது எங்கிருந்து விழுந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எதிர்ச் சுவரில் இரண்டு தட்டுகள், தட்டுக்கு எட்டாகப் பதினாறு அணு மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு சிவப்பு மரப்பந்து, அதைச் சுற்றி ஒன்றுக்கு வெளியே ஒன்றாகக் கம்பி வட்டங்கள், கம்பியில் கோர்த்த நீல மணிகள். வட்டத்தின் கொக்கியைக் கழற்றினால் மணியை எடுக்கலாம், கோர்க்கலாம். மேல் தட்டு லித்தியத்தில் தொடங்கி நியானில் முடியும். கீழ்த் தட்டு சோடியத்தில் தொடங்கி ஆர்கானில் முடியும்.

ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் பெயரும் ஓர் எண்ணும் இருந்தன. லித்தியம் மூன்று, அடுத்தது நான்கு, அப்படியே போய் ஆர்கான் பதினெட்டு. ஒன்றும் இரண்டும் வாசலில் பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருந்தன. அந்த எண்தான் அந்த அணுவில் மொத்தம் எத்தனை மணி என்று சொல்கிறது. இது ஒழுங்குக்குத் தெரியாது. பறவை அறையில் கழுகு நாற்பத்தொன்று, ஆந்தை நாற்பத்திரண்டு. கழுகுக்கு நாற்பத்தொன்று என்று எதுவும் கிடையாது, வாங்கிய வரிசைக்கு ஒட்டிய எண் அது. இதுவும் அப்படித்தான் என்று முடிவு செய்து பத்து நாள் ஆகிவிட்டது.

மணியை மூடிய கையோடு அவர் தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றபோது துப்புரவு அக்கா விளக்குமாற்றோடு உள்ளே வந்தாள். எப்போதும் கழுத்தில் தொங்கும் மூக்குக் கண்ணாடியை இன்று கண்ணில் மாட்டியிருந்தாள். நேராக நாற்காலிப் பக்கம் போய்க் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.

"அக்கா, காலையிலயே கூட்டியாச்சே" என்றார் ஒழுங்கு. கை தானாகப் பைக்குள் போனது. மணி விழுந்துவிட்ட செய்தி அக்காவுக்குத் தெரிந்தால் அடுத்த நிமிடம் இயக்குநர் மேடத்துக்குத் தெரியும்.

"இன்னொரு வாட்டி கூட்டறேன் சார். அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"எதுவா இருந்தாலும் குழு போனப்புறம் கேளுங்க. இப்ப எனக்குத் தலைக்கு மேல வேலை."

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஒழுங்கு வீட்டுக்குப் போன் போட்டார்.

அவருடைய மகள் போன வருடம் பள்ளியில் வேதியியல் தேர்வு எழுதினாள். அதற்காக நான்கு மாதம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவள் மனைவி. தேர்வு முடிந்த மறுநாளே மகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். மனைவிக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை.

"ஏம்மா, இந்த அணு இருக்கே, அதுக்கு வெளி வட்டத்துல எத்தனை இருக்கணும்?"

"வேலை நேரத்துல கேக்கற கேள்வியா இது? துணி காயப் போட்டுட்டு இருக்கேன்."

"அவசரம்மா. என் நாற்காலி விஷயம்."

நாற்காலி என்றதும் மனைவியின் குரல் மாறியது. அவளுக்கும் அந்த முழங்கால்களோடு பதினெட்டு வருடப் பழக்கம். ராத்திரி தைலம் தேய்ப்பவள் அவள்தான்.

"முதல் வட்டத்துல ரெண்டு. கடைசி வட்டத்துல எட்டு. எட்டு இருந்தாத்தான் அதுக்கு நிம்மதி. எட்டு நிறைஞ்சிடுச்சுன்னா அப்புறம் யார்கிட்டயும் போகாது, யாரையும் சேத்துக்காது, எங்க அண்ணன் மாதிரி."

"எட்டு. புரிஞ்சிடுச்சு."

"இருங்க, இன்னும் முடிக்கல. ஆனா..."

ஒழுங்கு வைத்துவிட்டார். மனைவியின் 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்காமல் இருப்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து உள்ள பழக்கம். அதனால் பட்ட பாடுகளும் அன்றிலிருந்து உண்டு.

இப்போது வேலை சுலபம். மேல் தட்டின் கடைசியில் நியான், வெளி வட்டத்தில் எட்டு. அதற்கு முன்னால் ஃபுளோரின். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். ஏழு. மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளிகூடத் தெரிந்தது.

"அகப்பட்டியா" என்று மணியிடம் சொன்னார். கொக்கியைக் கழற்றி, மணியைக் கோர்த்து, மாட்டினார். எட்டு. மற்ற மணிகளைவிட இது கொஞ்சம் பளபளப்பாக இருந்தது. தரையில் உருண்டதில் தூசி போயிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பிறகு போய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வாழ்க்கை நன்றாக இருந்தது.

அது இரண்டு நிமிடம்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் ஃபுளோரினுக்கு நேர் கீழே குளோரின். அதன் வெளி வட்டத்தில் ஏழு மணிகள் இருந்தன.

இன்னொன்றும் விழுந்திருக்கிறது. ஒழுங்கு தரையில் மண்டி போட்டார். முழங்கால்கள் கூப்பாடு போட்டன. அலமாரிக்கு அடியில், சன்னலோரம், கதவுச் சந்து என்று தவழ்ந்து பார்த்தார். ஒரு பென்சில் கிடைத்தது, ஒரு சட்டைப் பொத்தான் கிடைத்தது. நீல மணி கிடைக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பாதி எழுந்தபோது கண்ணுக்கு நேரே சோடியம்.

சோடியத்துக்கு மூன்று வட்டங்கள். உள்ளே இரண்டு மணி, அடுத்ததில் எட்டு, வெளியே இருந்த அவ்வளவு பெரிய வட்டத்தில் அநாதையாக ஒரே ஒரு மணி.

"பசங்க வேலை" என்றார் ஒழுங்கு வாய்விட்டு. நேற்று இரண்டு பள்ளிக்கூடங்கள் வந்து போயின. யாரோ ஒரு வாலு குளோரினிலிருந்து கழற்றி இங்கே மாட்டியிருக்கிறது. அவர் அந்த மணியைக் கழற்றிக் குளோரினுக்குக் கோர்த்தார். எட்டு. ஆனால் சோடியத்தின் வெளி வட்டம் இப்போது மொட்டைக் கம்பியாக நின்றது. குழுவில் கண் தெரியாதவர்கூட அதைக் கேட்பார். ஒழுங்கு அந்த வட்டத்தையே கழற்றினார். அதன் பிறகு சோடியம் இரண்டு, எட்டு என்று அம்சமாக இருந்தது. கழற்றிய வட்டத்தை எங்கே வைப்பது என்று பார்த்து, நாற்காலி மெத்தைக்கு அடியில் செருகினார்.

எல்லாம் முடிந்தது என்று ஒரு அடி பின்னால் வந்து மொத்தமாகப் பார்த்தார். அப்படிப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

ஆக்சிஜனுக்கு ஆறு. அதற்குக் கீழே கந்தகத்துக்கும் ஆறு. நைட்ரஜனுக்கு ஐந்து, பாஸ்பரசுக்கு ஐந்து. இடது பக்கம் போனால் மெக்னீசியத்தின் வெளி வட்டத்தில் இரண்டு, பெரிலியத்தில் இரண்டு, அலுமினியத்தில் மூன்று, போரானில் மூன்று. வலப் பக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு இடப் பக்கம் மிஞ்சிக் கிடந்தது. ஒழுங்கு இரண்டு முறை விரல் விட்டுக் கூட்டினார். கணக்கு அச்சாகப் பொருந்தியது.

இது தற்செயல் இல்லை. ஒரு கும்பலே சேர்ந்து வலது பக்கத்திலிருந்து கழற்றி இடது பக்கத்தில் மாட்டியிருக்கிறது. அதையும் கணக்கு வைத்து, அழகாகப் படிப்படியாக மாட்டியிருக்கிறது. இவ்வளவு மூளையைப் படிப்பில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்பார்கள் என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. கூடவே, பழைய காவலர் எதையும் கவனிக்காமல் இந்த நாற்காலியில் இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாரே என்ற எரிச்சலும் வந்தது.

கடிகாரம் பத்தே காலைத் தாண்டியது. ஒழுங்கு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

மெக்னீசியத்தின் இரண்டை ஆக்சிஜனுக்குக் கொடுத்தார். அலுமினியத்தின் மூன்றை நைட்ரஜனுக்குக் கொடுத்தார். பெரிலியத்தின் இரண்டு கந்தகத்துக்குப் போனது. காலியாகும் வட்டங்களை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டே போனார். போரானின் மூன்றைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்கா மறுபடியும் வந்துவிட்டாள். விளக்குமாறு நேராக நாற்காலிக்கு அடியில் போனது.

"அக்கா, அங்க என்ன தங்கமா கெடக்கு?"

"தங்கம் இல்ல சார். வந்து..."

"குழு வரப்போகுதுக்கா. தரையை நீங்க தேய்க்கிற தேய்ப்புல பள்ளம் விழுந்துடும். போங்க."

மூன்று மணிகளையும் வாய்க்குள் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு கணம் யோசித்தவர், அக்கா போனதும் அவற்றைப் பாஸ்பரசுக்குக் கோர்த்தார். சுவரில் இருந்த உள்போன் அலறியது. இயக்குநர் மேடம்.

"ஒழுங்கு, அங்க எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் எட்டு எட்டா இருக்கு மேடம்."

"என்னது?"

"சரியா இருக்கு மேடம்."

சரியாக இல்லை. கார்பனும் சிலிக்கானும் பாக்கி. மேலே கார்பனுக்கு நான்கு, கீழே சிலிக்கானுக்கும் நான்கு. யார் யாரிடமிருந்து எடுத்தது என்று சொல்ல வழியே இல்லை. இரண்டும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றன. பாகப் பிரிவினையில் நடுவில் மாட்டிக்கொண்ட மாமா போல ஒழுங்கு இங்கும் அங்கும் பார்த்தார். கடைசியில், கார்பன் கண் மட்டத்தில் இருக்கிறது, குழு அதைத்தான் முதலில் பார்க்கும் என்று முடிவு செய்து, சிலிக்கானின் நான்கையும் கழற்றிக் கார்பனுக்கு மாட்டினார். சிலிக்கான் இரண்டு, எட்டு என்று ஆனது. அதன் வட்டமும் மெத்தைக்கு அடியில் போனது. மெத்தை ஒரு பக்கம் மேடு தட்டத் தொடங்கியிருந்தது.

மிச்சம் லித்தியம். வெளி வட்டத்தில் ஒரே ஒரு மணி. அதைக் கழற்றினார், வட்டத்தைக் கழற்றினார், அதையும் செருகினார். கையில் மணியோடு திரும்பினார். எங்கே குறைகிறது என்று மேல் தட்டைப் பார்த்தார், கீழ்த் தட்டைப் பார்த்தார். எங்கும் குறையவில்லை. வட்டம் உள்ளவையெல்லாம் எட்டில் நிறைந்து நின்றன. லித்தியம், பெரிலியம், போரான் மூன்றும் முதல் வட்டத்து இரண்டோடு நின்றன. அது மனைவி சொன்னபடியே சரி.

ஒன்றரை மணி நேரம் மண்டி போட்டு, தவழ்ந்து, ஏழு வட்டங்களைக் கழற்றி, பதினாறு மணிகளை இடம் மாற்றிய பிறகு, ஒழுங்கு காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். அதே நாற்காலி ஓரம். கையில் ஒரு நீல மணி.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, துணி காயப் போட்டுட்டேன். நான் முடிக்கறதுக்குள்ள வெச்சுட்டீங்களே. எல்லாத்துக்கும் எட்டு இருக்காதுங்க."

"என்னது?"

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாத்தான் இருக்கும். எட்டு இல்லாததாலதான் அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேருது. நீங்க எதையும் தொட்டுடலையே?"

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒழுங்கு மணியைப் பைக்குள் போட்டார், போனை அணைத்தார், நாற்காலியில் போய் விழுந்தார். மெத்தைக்கு அடியில் ஏழு வட்டங்களும் கிண் என்றன.

குழுவில் மூன்று பேர். முன்னால் வந்தவர் வேதியியல் பேராசிரியர், குள்ளமாக, குடையை அறைக்குள்ளும் ஊன்றிக்கொண்டு. பின்னால் வந்த இருவர் அவர் தலையாட்டினால் தலையாட்டுவதற்காக வந்தவர்கள். கடைசியில் இயக்குநர் மேடம். அவர் படித்தது பழைய பானை ஓடுகளைப் பற்றி. அணுவை அவருக்கு ஆளையே தெரியாது.

பேராசிரியர் தட்டுகளின் முன்னால் நின்றார். அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடம் ஆனது.

"சோடியத்தோட மூணாவது வட்டம் எங்க?"

பின்னால் இருந்த இருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"லித்தியத்துக்கு ஒரே வட்டம். சிலிக்கானுக்கு ரெண்டு." பேராசிரியர் குடையால் ஒவ்வொன்றாகக் காட்டினார். "கார்பனுக்கு வெளியில எட்டு. யார் இதைத் தொட்டது?"

இயக்குநர் மேடம் ஒழுங்கைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கழுகு தெரிந்தது.

ஒழுங்கு எழுந்தார். மெத்தை சாய, வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்து உருண்டன. ஒன்று நேராகப் போய்ப் பேராசிரியரின் காலடியில் சுற்றிச் சுற்றி அடங்கியது. அத்தனை பேரும் அது அடங்கும் வரை காத்திருந்தார்கள்.

"நான்தான் சார்" என்றார் ஒழுங்கு. பொய் சொல்ல நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. "பசங்க கலைச்சுப் போட்டிருக்காங்கன்னு நினைச்சேன். வெளி வட்டத்துல எட்டு இருக்கணும்னு வீட்டுல சொன்னாங்க. குறையற இடத்துக்கு மிஞ்சின இடத்துலேருந்து எடுத்து மாட்டிட்டேன்."

"எதை எதுக்கு?"

"சோடியத்துது குளோரினுக்கு. மெக்னீசியத்துது ஆக்சிஜனுக்கு. அலுமினியத்துது நைட்ரஜனுக்கு. பெரிலியத்துது கந்தகத்துக்கு. போரான்து பாஸ்பரசுக்கு. இந்த சிலிக்கான், கார்பன் ரெண்டும்தான் ஒரே இழுபறி. கடைசில கார்பன் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டேன்."

பேராசிரியர் திரும்பித் தட்டைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மேடம் ஓர் அடி முன்னால் வந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், முப்பது வருஷமா இதைத்தான் கரும்பலகையில எழுதி எழுதிக் காட்டறேன். பாதிப் பிள்ளைகளுக்கு ஏறல. இவரு வேதியியல்ல ஒரு வரி தெரியாம செஞ்சு முடிச்சிருக்காரு."

"தப்பா, சரியா சார்?" என்றார் மேடம். அவருக்கு எது தெரிய வேண்டுமோ அதை மட்டும் கேட்டார்.

"மாடலுக்குத் தப்பு. ஆனா இந்தப் பதினாறும் நிஜ அணுவா இருந்து ஒரே அறையில விட்டுட்டுப் போயிருந்தா, காலையில வந்து பாக்கும்போது கிட்டத்தட்ட இப்படித்தான் நிக்கும். மிஞ்சினது குடுக்கும், குறைஞ்சது வாங்கும். சோடியத்துது குளோரினுக்குப் போனா அது உப்பு. கார்பனும் சிலிக்கானும் மட்டும் குடுத்து வாங்காது, பங்கு வெச்சுக்கும். அந்தத் தீர்ப்பு ஒண்ணைத்தான் மாத்தணும்."

"இழுபறின்னு எனக்கே பட்டுது சார்" என்றார் ஒழுங்கு.

"நான் எழுதறேன். இந்த அறையில மாடல் பழையபடி ஒரு செட், இவர் செஞ்சபடி ஒரு செட், ரெண்டும் இருக்கணும். வர்ற பிள்ளைகளுக்கு இவரே விளக்கிச் சொல்லட்டும்."

"நின்னுக்கிட்டா சார்?" ஒழுங்கின் கை முழங்காலுக்குப் போனது.

"உக்காந்துக்கிட்டே சொல்லுங்க. யார் வேணாம்னா?"

பின்னால் இருந்த இருவரும் தலையாட்டினார்கள். ஒழுங்குக்கு முழங்காலிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போலிருந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பெயரே ஒழுங்கு ஆயிற்றே.

"அப்ப இதை எங்க சார் வைக்கறது?" என்று பையிலிருந்த மணியை எடுத்து நீட்டினார்.

பேராசிரியரின் சிரிப்பு நின்றது. "இது எதோடது?"

"லித்தியத்துது. மிஞ்சிப் போச்சு."

"மிஞ்சக் கூடாதே. லித்தியத்துது ஃபுளோரினுக்குத்தானே போயிருக்கணும்?"

"ஃபுளோரினுக்கு நான் தரையில கெடந்ததை மாட்டிட்டேன் சார். காலையில அது ஒண்ணு கீழ விழுந்து கெடந்துச்சு."

"எதுலேருந்து விழுந்தது?"

"அது தெரியாமத்தான் இவ்வளவும்."

பேராசிரியர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாமே எண்ண ஆரம்பித்தார். மேடம் ஆளனுப்பி அலமாரியிலிருந்து பட்டியலை வரவழைத்தார். பட்டியலில் பதினாறு மாடல்களுக்கும் சேர்த்து நூற்று அறுபத்தெட்டு மணிகள் என்று இருந்தது. பேராசிரியர் மனக்கணக்கில் மூன்றிலிருந்து பதினெட்டு வரை கூட்டினார். நூற்று அறுபத்தெட்டு. தட்டில் இருந்ததை எண்ணினார். நூற்று அறுபத்தெட்டு.

"உங்க கையில ஒண்ணு. நூத்தி அறுபத்தொம்போது" என்றார். முகம் கறுத்துவிட்டது. "எதிலேருந்தும் குறையாம ஒண்ணு எப்படிக் கூடுதலா வரும்? அப்ப, செஞ்சு வந்த அன்னிக்கே ஏதோ ஒரு மாடல்ல ஒண்ணு கூட இருந்திருக்கு. இத்தனை வருஷமா பிள்ளைங்க தப்பான அணுவைப் பாத்து எண்ணிட்டுப் போயிருக்காங்க."

"எந்த மாடல் சார்?" என்றார் மேடம்.

"இனிமே எப்படித் தெரியும்? அதான் எல்லாத்தையும் மாத்தி வெச்சுட்டாரே."

சற்று முன் ஒழுங்கைப் பார்த்துத் தலையாட்டிய இருவரும் இப்போது தரையைப் பார்த்தார்கள். மேடம் பட்டியலை மூடினார்.

"அப்ப ரூமைப் பூட்டிடறேன் சார். எல்லா மாடலையும் செஞ்சவங்ககிட்டயே திருப்பி அனுப்பி சரி பாக்கச் சொல்றேன். ஆறு மாசம் ஆகும். ஒழுங்கு, நீங்க திங்கக்கிழமைலேருந்து பறவை ரூமுக்குப் போயிடுங்க."

ஒழுங்கு நாற்காலியைப் பார்த்தார். மெத்தை கோணிக் கிடந்தது. அதைக் குனிந்து நேராக வைத்தார். பத்து நாள்தான் என்றாலும் நல்ல நாற்காலி. வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தார். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள், எழுந்து தைலப் புட்டியை எடுப்பாள்.

பேராசிரியருக்கும் மனசு கேட்கவில்லை. குடையை எடுத்தவர் நின்றார்.

"எனக்கும் பிடிக்கலதான். இந்த ஒரு மணி எங்கேருந்து வந்ததுன்னு மட்டும் யாராவது சொல்லிட்டா போதும். மாடல் எல்லாம் சரின்னு எழுதிடுவேன், ரூமும் பூட்ட வேணாம், இவரும் இங்கயே உக்காந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

கதவோரத்தில் விளக்குமாற்றின் சத்தம் கேட்டது. துப்புரவு அக்கா குனிந்து கூட்டிக்கொண்டே உள்ளே வந்து, இத்தனை பேர் நிற்பதைப் பார்த்துத் தயங்கி, ஒழுங்கின் உள்ளங்கையைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"காலையிலேருந்து கேக்க வரேன், பேசவே விட மாட்டேங்கறீங்களே சார்" என்றாள், இடுப்பிலிருந்து நீல மணி கோர்த்த ஒரு அறுந்த கயிற்றை எடுத்துக் காட்டி. "என் மூக்குக் கண்ணாடி தொங்கற கயிறு இந்த நாற்காலிகிட்டதான் அறுந்துச்சு, ஒரு பக்கத்துக்கு எட்டு மணி இருக்கு, இன்னொரு பக்கத்துக்கு ஏழுதான் இருக்கு."